வெறுமனே திரும்பாத ஜார்

மார்ச் 2

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். கோகிலா என்ன சாப்பிட்டாள், குழந்தைக்கு வயிறு எப்படிப் போயிற்று, இரண்டையும் தினமும் குறித்துக் காட்ட வேண்டுமாம். லேத் பட்டறைக்கு வந்த கம்பெனி டைரி ஒன்று சும்மா கிடந்தது. வலது பக்கம் டாக்டருக்கு. இடது பக்கம் எனக்கு. எனக்கும் புலம்ப ஓர் இடம் வேண்டும்.

ஆதினிக்கு இரண்டு மாதம். போன வாரத்திலிருந்து அவள் மலத்தில் ரத்தம் கீற்றுக் கீற்றாக வருகிறது. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் கண்ணில்கூடக் காட்டவில்லையே என்று கேட்டேன். அம்மா சாப்பிடும் பாலும் முட்டையும்தான் தாய்ப்பால் வழியாகப் போய்க் குழந்தையின் குடலைப் புண்ணாக்குகிறது என்றார் டாக்டரம்மா. ஆறு வாரத்துக்குக் கோகிலா பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், முட்டை எதையும் தொடக் கூடாது. முந்திரியும் வேர்க்கடலையும்கூட இப்போது வேண்டாம் என்றார். ரத்தம் நின்றால் தாய்ப்பால் தொடரும். நிற்காவிட்டாலும், கோகிலாவின் உடம்பு தாங்காவிட்டாலும் டப்பாப் பால்தான்.

"நான் இருந்துக்குவேனுங்க டாக்டர்" என்றாள் கோகிலா. பிரியாணிக்கே தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவள் அவள். கர்ப்பமாக இருந்தபோது காந்திபுரத்தில் கோழி வறுவல் கடைக்குப் போவோம். கோழியை எனக்குத் தள்ளிவிட்டு மயோனைஸ் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருப்பாள். அவள் இருந்துகொள்வாளாம். எனக்கு நம்பிக்கை இல்லை. பயமாக இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போலத் தயிர் டப்பா வைத்துக் கட்டியிருந்தாள். தயிர் கொஞ்சம் புளிப்பு. டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தேன்.

மார்ச் 4

கோகிலா: சோறு, ரசம், பீன்ஸ் பொரியல். பாதித் தட்டு அப்படியே இருந்தது. குழந்தை: ரத்தம் உண்டு.

மார்ச் 7

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்கா, தெய்வானை அக்கா, சொம்பு நிறையப் பூண்டுப்பாலோடு இறங்கி வந்தார். கோகிலாவுக்கு அம்மா இல்லை. பிரசவத்திலிருந்து இந்த அக்காதான் எண்ணெய் தேய்த்துவிடுவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, எல்லாம். அன்னூரில் அவருடைய தம்பி தோட்டத்து எருமைப்பாலும், அதில் அவரே காய்ச்சும் நெய்யும் உலகத்தின் எல்லா வியாதிக்கும் மருந்து என்பது அவர் கட்சி.

"ஏனுங் தம்பி, பச்ச ஒடம்புக்காரி பால் குடிக்காம எப்படிப் பால் சொரக்கும்? நாங்கெல்லாம் புள்ள பெக்கலையா?"

நான் பதில் தேடுவதற்குள் கோகிலா சொம்பை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "அக்கா, ஆறு வாரம் மட்டும் எனக்காகப் பொறுத்துக்கங்க. ஏழாவது வாரம் நீங்க சொன்னபடி கேக்கறேன்" என்றாள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே சொம்பைத் திரும்ப எடுத்துப் போனார். எனக்கு இந்தப் பக்குவம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

தயிரை ராசப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்து லேத்துக்காரன், பாவம், மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள். டப்பாவைக் கழுவினேன்.

மார்ச் 10

கோகிலாவின் எடை குறைந்திருக்கிறது. டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். ரசமும் வெறும் காயும் எத்தனை நாளைக்கு இறங்கும் என்று அங்கிருந்த டயட்டீஷியன் பெண்ணிடம் கேட்டேன். சூரியகாந்தி, பூசணி, வெள்ளரி இந்த விதைகளை அரைத்து, எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்தால் மயோனைஸ் மாதிரியே வரும், விதை டிரெஸ்ஸிங் என்று பெயர், காய்க்குமேல் ஊற்றிக் கொடுங்கள் என்றாள். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது.

சாயங்காலமே சூரியகாந்தி விதை வாங்கிவந்து மிக்ஸியில் போட்டு அரைத்தேன். அவிழ்த்துவிட்ட காளை மாதிரி மிக்ஸி கத்தியது. வந்தது சிமெண்ட் கலவை. கோகிலா ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள். நூலில் ஒரு முடிச்சு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

"ஏனுங்க, பட்டறையில கிரைண்டிங் வீல் தூளு மிச்சம் இருந்துச்சுங்களா?"

சொல்லிவிட்டு, முழுக் கிண்ணத்தையும் வெள்ளரிக்காய் தொட்டுச் சாப்பிட்டு முடித்தாள். கசந்திருக்கும்.

மார்ச் 12

இரவே விதையை ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைத்தேன். கசப்பு போயிற்று. எண்ணெயை ஒரே மூச்சில் ஊற்றினேன். கீழே தண்ணீரும் மேலே எண்ணெயுமாகப் பிரிந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. கோபத்தில் ஜாரைச் சிங்க்கில் போட்டேன். கோகிலா எடுத்துக் கழுவி, துடைத்து, திரும்ப என் முன்னால் வைத்தாள்.

மார்ச் 13

இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றும் கூலன்ட்டைக் கலக்கும்போது மண்டையில் உறைத்தது. வாளியில் தண்ணீர் வைத்து, கலக்கிக்கொண்டே எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அப்போதுதான் பால் மாதிரி வெள்ளையாகக் கூடும். மாற்றிச் செய்தால் பிரிந்துவிடும். பதினைந்து வருஷமாகத் தினம் செய்கிற வேலை. வீட்டு வாசற்படி தாண்டியதும் அறிவைக் கழற்றி வைத்துவிடுகிறேன் போல.

வீட்டுக்கு வந்து, விதை விழுதில் தண்ணீர் விட்டு, மிக்ஸி ஓட ஓட மூடியின் ஓட்டை வழியாக நல்லெண்ணெயை நூலாக விட்டேன். கூடியது. கெட்டியாக, வழவழப்பாக, வெள்ளையாக. ஆனந்தத்தில் கூலன்ட் கதையைக் கோகிலாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அதை மட்டும் சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்லாதீங்க" என்றாள். ஆனாலும் இரண்டு தோசைக்குத் தொட்டுக்கொண்டாள்.

மார்ச் 16

தயிர் டப்பா கழுவியாயிற்று. பட்டறையில் வெயில். தயிர் கெட்டுப்போய்விடுகிறது.

மார்ச் 17

ரகம் ரகமாகச் செய்கிறேன். வெள்ளரி விதையில் வெள்ளையாக வருகிறது, ஆனால் சுவை இல்லை. பூசணி விதையில் லேசான பச்சை, சுவை உண்டு. இரண்டையும் கலந்தால் சரியாக வருகிறது. மிக்ஸி சூடானால் விழுது இளகிவிடுகிறது, அதனால் விட்டு விட்டு ஓட்டி, ஐஸ் தண்ணீர் சேர்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோகிலா விரலால் தேய்த்துப் பார்க்கிறாள். "இன்னும் திரி திரியா இருக்குது. இன்னொரு சுத்து விடுங்க" என்பாள். எனக்கு ஒன்றும் தட்டுப்படாது. இன்னொரு சுற்று விட்டால்தான் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். மயிரிழையை அளக்கும் மைக்ரோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இவளைப் பட்டறைக்குக் கூட்டிப் போகலாம்.

ரத்தம் இன்று ஒரே ஒரு கீற்று.

மார்ச் 20

இன்றைய நாளை நான் மறக்க மாட்டேன்.

எலுமிச்சை போட்டால் எலுமிச்சை மாதிரி இருக்கிறது, தயிர் மாதிரி இல்லை என்று கோகிலா கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் பழைய சோற்றுப் பானையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மேலே நின்ற நீராகாரத்தை ஒரு கரண்டி மொண்டு, ஐஸ் தண்ணீருக்குப் பதில் இதை விடுங்கள் என்றாள். விட்டேன். உப்பு, ஒரு பல் பூண்டு. அவளே கடுகும் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டினாள். வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

அழுதாள். மிளகாய்க் காரம் என்றாள். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள்.

நான் எத்தனை விதை அரைத்து என்ன. வீட்டிலேயே இருந்த புளிப்பு அவள் கண்ணுக்குத்தான் தெரிந்தது. எனக்கும் ஒரு கவளம் கொடுத்தாள். இத்தனை நாள் கழித்து வாய்க்குப் புளிப்பாகச் சோறு கிடைத்தது எவ்வளவு நன்றாக இருந்தது. அதாவது, அவளுக்கு.

மார்ச் 27

ரத்தம் இல்லை. நான்கு நாளாக இல்லை. ஆதினி சிரிக்கிறாள், என்னைப் பார்த்து இல்லை, மின்விசிறியைப் பார்த்து. கோகிலாவின் எடை கூடியிருக்கிறது. டாக்டரம்மா "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க, கோகிலா என்னைக் காட்டி, "இவரு பட்டறை வச்சு நடத்தறாருங்க, வீட்டுக்குள்ளேயே" என்றாள்.

இன்றைக்கும் தயிர் கட்டிக் கொடுத்தாள். பாக்கெட்டைக் கத்தரித்து டப்பாவில் ஊற்றி, மேலே இரண்டு துண்டு மாங்காய் ஊறுகாய் வைத்து, விரலில் பட்டதைக் குழாயில் கழுவினாள். ஆசையோடு ஒரு பார்வைகூட இல்லை. இந்த மனுஷியை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெருமை என்பதைவிடப் பெரிய வார்த்தை கிடைத்தால் அதை எழுதுவேன்.

பல் கூச்சம். தயிர் ராசப்பனுக்கு.

ஏப்ரல் 1

அக்காவின் மிக்ஸி ஜார் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். அடைக்கு அரைக்க எங்கள் பெரிய ஜாரை வாங்கிப்போனார்.

ஏப்ரல் 2

ஜார் திரும்பி வந்தது, பளபளவென்று. உள்ளே ஒரு பிடி வறுத்த பூசணி விதை. அக்கா எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தந்தது கிடையாது. சர்க்கரையோ முருங்கைக்காயோ ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். "நீங்க வெத வெதன்னு அலையறீங்களே, அதான் தம்பி" என்றார். இந்த வீட்டில் விதைக்கு அவரும் கட்சி மாறிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

கோகிலா ஜலதோஷத்தோடு படுத்திருந்தாள். நானே அரைத்து, நீராகாரம் விட்டு, பூண்டு தட்டிப் போட்டுக் கொடுத்தேன். "மூக்கு அடைச்சிருக்குது, ஆனா நாக்குக்கு இன்னிக்குத்தாங்க ஜோரா இருக்குது" என்றாள். கை தேறிவிட்டது. கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்கிறேன். மிச்சத்தை மறுநாளைக்கும் எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 4

ரத்தம். கீற்று இல்லை, நிறைய.

ஏப்ரல் 5

ஆதினி காலையிலிருந்து அழுகை. கோகிலா டைரியின் வலது பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு நாள் சாப்பாட்டையும் வரி வரியாகப் படித்தாள். எல்லாம் வழக்கமானதுதான். பிறகு எழுந்து போய், விதை டப்பாவில் இரண்டு மூன்று பூசணி விதைகள் மிச்சம் இருந்ததை எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். மினுமினுத்தது.

"நெய்யில வறுத்திருக்காங்க" என்றாள்.

என் மூக்கு கூலன்ட் நாற்றத்தில் எப்போதோ செத்துப்போயிற்று. அவள் மூக்கு அன்றைக்கு அடைத்திருந்தது. நான் மாடிக்கு ஓடினேன்.

"பால் தானே தம்பி வேண்டாம்னாங்க" என்றார் அக்கா. "நெய்யி எப்படிப் பாலாகும்? வெறும் சட்டியில வறுத்தா ருசிக்காதேன்னு ஒரே ஒரு கரண்டி... அவ எலும்பா போயிட்டாளேன்னு..."

"ஜாரை வெறுமனே திருப்பித் தந்திருந்தா என் குழந்தைக்கு இப்படி ஆகியிருக்காது" என்று கத்தினேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே வந்தால் கோகிலா என்னைப் பார்த்ததும் குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 6

டாக்டரம்மா டப்பாப் பால் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். தாய்க்கும் சிரமம், பிள்ளைக்கும் சிரமம், இதில் தப்பு ஒன்றும் இல்லை அம்மா என்று தன்மையாகத்தான் சொன்னார்.

"தப்புன்னு நான் சொல்லலீங்க டாக்டர்" என்றாள் கோகிலா. "முடியாமப் போனா அதையே குடுக்கறேன். ஆனா எங்களுக்கு எங்க தப்பாச்சுன்னு தெரிஞ்சு போச்சு. தெரியாமத் தோத்தா விட்டுடலாம். தெரிஞ்ச பின்னாடி இன்னொரு தடவை பார்க்காம விடறதுக்கு மனசு வரலைங்க. மூணு வாரம் குடுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடினார். மூன்று வாரம். அதற்கு மேல் இல்லை.

நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். பேச வேண்டியது அத்தனையும் அவளே பேசினாள்.

ஏப்ரல் 8

அக்கா இறங்கி வரவில்லை. குழந்தையை நானே குளிப்பாட்டினேன். இருவரும் அழுதோம்.

சாயங்காலம் கோகிலா விதை டிரெஸ்ஸிங் அரைக்கச் சொன்னாள். அதை ஜாரிலிருந்து வழிக்கவிடாமல் அப்படியே மூடி, ஜாரோடு இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, உங்களுக்குத்தான். அடைக்குத் தொட்டுக்கங்க" என்று நீட்டினாள். "ஜாரை நீங்களே வச்சு அரைச்சுட்டு, நாளைக்குக் குடுங்க."

அக்கா வாங்கவில்லை. "வேண்டாஞ்சாமி. என்ற கைபட்டது உனக்கு ஆகாது."

"அம்மா இருந்திருந்தா அவுங்களும் நெய்யில தானுங்க வறுத்திருப்பாங்க" என்றாள் கோகிலா. "வாங்கிக்கங்க. வெறுமனே மட்டும் திருப்பித் தராதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையில் இருப்பதே மூன்று வாரம். அதில் மறுபடியும் அதே ஜார், அதே கை. வீட்டுக்கு வந்து, "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டேன்.

"நீங்க கத்தீட்டு வந்துட்டீங்க. அவுங்க இனிமே நம்ம வீட்டுப் பக்கம் வராட்டி ஆதினிக்கு யாரு இருக்காங்க? தப்புப் பண்ணினவங்களுக்குத்தான் இனித் தெரியும், எங்க பார்த்து நடக்கணும்னு."

அவள் சொல்வது சரி. அப்படிச் செய்ய எனக்கு நெஞ்சு இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

ஜார் வந்தது. வெறுமனே வரவில்லை. உள்ளே பூசணி விதை. அக்கா அதைக் கொடுக்கும்போதே பேசத் தொடங்கிவிட்டார்: இது புது இரும்புச் சட்டி, இன்றைக்குத்தான் வாங்கினேன், நெய்யே பட்டதில்லை, கரண்டியும் புதுசு, சந்தேகமிருந்தால் நாளைக்கு இங்கேயே வந்து உன் கண் முன்னாலேயே வறுக்கிறேன்.

நான் விதையை விரலில் தேய்த்துப் பார்த்தேன். கோகிலா என் கையைத் தட்டிவிட்டாள். "அரைங்க" என்றாள்.

அரைத்தேன். அக்காவிடம் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "போ தம்பி, மாமியா இல்லாத வீட்டுல யாராச்சும் கத்தோணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். ஊரெல்லாம் பாயசமும் நீர்மோரும். அக்கா தேங்காய்ப் பாலில் பாயசம் வைத்து, அதுவும் புதுச் சட்டியிலேயே வைத்து, கொண்டுவந்தார். இன்று பட்டறை லீவு, ஆகவே டப்பா இல்லை. கோகிலா எனக்கு மட்டும் தயிர் வைத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ரத்தம் குறைகிறது.

ஏப்ரல் 19

ரத்தம் இல்லை.

ஏப்ரல் 27

டாக்டரம்மா ஆதினியைத் திருப்பிப் போட்டு, எடை பார்த்து, வயிற்றை அமுக்கி, டைரியின் வலது பக்கங்களைப் புரட்டி, கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார்: "தொடருங்க."

டப்பாப் பால் இல்லை. இன்னும் சில மாதம் இதே சாப்பாடு, பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். கோகிலா "சரிங்க டாக்டர்" என்றாள், கடைக்காரர் சொன்ன உப்பு விலைக்குச் சரி சொல்வது போல. வெளியே வந்து வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். துண்டுக்குள்ளிருந்து சப்பும் சத்தம் எனக்குக் கேட்டது. இந்த உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் எதுவும் இல்லை.

சாயங்காலம் ராசப்பன் குழந்தையைப் பார்க்க வந்தான். அக்காவும் இருந்தார். சந்தோஷத்துக்கு எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்திருந்தார். "சளிங்க அக்கா" என்றேன்.

"அவன் எங்கீங்க குடிக்கப்போறான்" என்றான் ராசப்பன். "ரெண்டு மாசமா அவன் தயிரு பூராவும் நான்தான் திங்கறேன். கேண்டீன்ல ஆம்லெட்டு வாசம் வந்தாக்கூட எந்திரிச்சு வெளியே போயிர்றான். நாங்க என்னமோ மாலை போட்டிருக்கான்னு நெனச்சோம்."

நான் ராசப்பனை முறைத்தேன். அக்கா வாயில் கைவைத்தார். கோகிலா மட்டும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் போனபிறகு, "புளிச்சுப் போச்சு, அதான்" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு மொத நாளே தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"கல்யாணமாகி நாலு வருஷத்துல நீங்க என்னிக்காவது சோத்து டப்பாவைக் கழுவிக் கொண்டாந்திருக்கீங்களா?"

"தெரிஞ்சும் எதுக்கு தினம் கட்டிக் குடுத்தே?"

"இன்னிக்காவது சாப்பிட்டிருவீங்களான்னு பார்த்தேன்" என்றாள். "டப்பா கழுவி வந்துச்சுன்னா, அன்னிக்கு நானும் தாங்கிக்குவேன்."

ஆதினிக்குத் துணி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனேன். துணி நனைந்திருக்கவே இல்லை.

ஏப்ரல் 28

கோகிலா: இட்லி, விதை டிரெஸ்ஸிங், கேரட். குழந்தை: நன்று.

காலையில் டப்பா கட்டும்போது பார்த்தேன். தயிர் பாக்கெட் இல்லை. வெள்ளரி விதையும் பூசணி விதையும் அவளே அரைத்து, நீராகாரம் விட்டு, கடுகு தாளித்து, மேலே இரண்டு துண்டு ஊறுகாய் வைத்து மூடினாள். மதியம் ராசப்பன் வழக்கம்போலக் கையை நீட்டினான். தரவில்லை.

இன்று டப்பாவைக் கழுவாமல் கொண்டுவந்தேன்.